மருத்துவ மாணவர்களின் கட்டணம் முதல் அரசு மருத்துவமனை வரை: பொறுப்பு யாருடையது? டெல்டா மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

சிதம்பரத்தில் அரசு நடத்தும் மருத்துவக் கல்லூரியிலேயே ஒரு காலத்தில் ஆண்டுக்கு ரூ.5.44 லட்சம் கட்டணம் வசூலிக்கப்பட்டது. மாணவர்கள் 50 நாட்களுக்கு மேல் போராடிய பிறகு அது ரூ.13,610 ஆகக் குறைந்தது. கல்லூரி அதே கல்லூரிதான், கட்டடமும் அதேதான். மாறியது எந்தத் துறையின் கீழ் வருகிறது என்பது மட்டும்தான். மருத்துவக் கல்விக்கும் சிகிச்சைக்கும் அரசு எந்த அளவுக்குப் பொறுப்பு, அதை யாரிடம் கேட்பது என்பதைப் பார்க்கலாம்.

சிதம்பரத்தில் நடந்தது என்ன?

அண்ணாமலை நகரில் உள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985ல் தொடங்கப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கி வந்தது. பல்கலைக்கழகம் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியதால், 2013ல் தனிச் சட்டம் இயற்றி தமிழக அரசு அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது.

நிர்வாகம் அரசிடம் வந்தது. ஆனா கட்டணம் மட்டும் பழைய மாதிரியே தொடர்ந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். மாணவர் கட்டியது ரூ.13,610. இங்கே படித்தவர் கட்டியது ரூ.5.44 லட்சம், அதாவது சுமார் 40 மடங்கு.

"அரசுக் கல்லூரின்னா அரசுக் கட்டணம்தானே?" என்பதுதான் மாணவர்களின் ஒரே கேள்வி. 2020 டிசம்பரில் போராட்டம் தொடங்கியது. 2021 ஜனவரியில் காலவரையற்ற விடுமுறை அறிவிக்கப்பட்டு, விடுதிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மாணவர்கள் நகரவில்லை.

கடைசியில் உயர்கல்வித் துறையிடம் இருந்த கல்லூரியை மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக அரசு அறிவித்தது. அதோடு போராட்டம் முடியவில்லை. கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வேண்டும் என்றார்கள் மாணவர்கள். 2021 பிப்ரவரியில் அந்த உத்தரவும் வந்தது: எம்.பி.பி.எஸ். ரூ.13,610, பி.டி.எஸ். ரூ.11,610. ஈரோடு மாவட்டம் பெருந்துறை மருத்துவக் கல்லூரியிலும் அதே காலகட்டத்தில் கட்டணம் குறைக்கப்பட்டது.

ரூ.5.44 லட்சம் என்றால் எத்தனை மூட்டை நெல்?

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதிகள் காவிரி டெல்டாவின் வடக்கு ஓரம். இங்கே நெல் கணக்கில் பார்த்தால் விஷயம் சீக்கிரம் புரியும்.

2020-21 பருவத்தில், நேரடி கொள்முதல் நிலையத்தில் சன்னரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு ரூ.1,958 கிடைத்தது. அந்த விலையில் ஒரு வருஷக் கட்டணத்தைக் கட்ட ஏறத்தாழ 278 குவிண்டால் நெல் விற்க வேண்டும். ஏக்கருக்கு 20 குவிண்டால் என்று வைத்தால்கூட, சுமார் 14 ஏக்கரின் மொத்த விளைச்சல். உழவு, நடவு, உரம், அறுப்புக் கூலி எதுவும் இதில் கழிக்கப்படவில்லை.

புதிய கட்டணத்துக்கு 7 குவிண்டால் போதும். ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை டாக்டர் ஆவதும் ஆகாததும் இந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

7.5% ஒதுக்கீடு: கட்டணத்தை யார் கட்டுறாங்க?

நீட் வந்த பிறகு, எம்.பி.பி.எஸ். சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்தது. இதை ஆராய்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி பி.கலையரசன் குழு 10% உள் ஒதுக்கீடு பரிந்துரைத்தது. அரசு அதை 7.5% ஆக்கி, 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் தாமதமானதால் அக்டோபர் 29ல் அரசாணை வெளியிடப்பட்டது. மறுநாளே ஒப்புதலும் கிடைத்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஆனா இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? முதல் ஆண்டு கலந்தாய்வில், தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில மாணவர்கள் கட்டணம் கட்ட முடியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான், 2020 நவம்பரில், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. உதவித்தொகை வந்து சேரத் தாமதமாகும் என்பதால், கல்லூரிகளுக்கு உடனே பணம் கட்ட ஒரு சுழல் நிதியும் அறிவிக்கப்பட்டது.

கவனிக்க வேண்டிய ஒன்று: 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 8ஆம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இது பொருந்தாது.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு என்ன உதவி?

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை கிடைக்கும். எஸ்.சி. மாணவர்களுக்கான திட்டத்தில் 2020-21 முதல் மத்திய அரசு 60%, மாநில அரசு 40% பங்கு தருகின்றன.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பணம் இரண்டு அரசுகளிடமிருந்தும் வர வேண்டும். கல்லூரியோ முதலிலேயே கட்டணம் கேட்கும். இந்த இடைவெளியில் குடும்பங்கள் கந்துவட்டிக்கும் நகைக்கடனுக்கும் போக நேரிடுகிறது. உதவித்தொகை அறிவிப்பைப் போலவே, அது எந்தத் தேதியில் கணக்கில் ஏறுகிறது என்பதும் முக்கியம்.

கட்டடம் ஒருத்தர் பணம், சம்பளம் இன்னொருத்தர் பொறுப்பு

டெல்டாவில் நீண்ட காலத்துக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிதான் பெரிய நம்பிக்கை. 2010ல் திருவாரூருக்கும், 2022 ஜனவரியில் நாகப்பட்டினத்துக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. நாகை உட்பட 11 கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. இவற்றின் மூலம் மாநிலத்துக்கு 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள் கூடின. 2020ல் தனி மாவட்டமான மயிலாடுதுறையில் அப்போதும் அரசு மருத்துவக் கல்லூரி வரவில்லை.

தஞ்சையில் மத்திய அரசின் திட்டத்தில் கட்டப்பட்ட பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவப் பிரிவு 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. இதுபோன்ற திட்டங்களில் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மத்திய அரசின் பணம் பெரும் பங்கு. ஆனா டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் சம்பளமும் தினசரிச் செலவும் மாநில அரசின் பொறுப்பு. கட்டடம் இருந்தும் ஆள் இல்லை என்றால் கேள்வி சென்னைக்குப் போக வேண்டும். ஒப்புக்கொண்ட பணம் வரவில்லை என்றால் டெல்லிக்குப் போக வேண்டும்.

சிகிச்சை மறுக்கப்பட்டால் அரசு பொறுப்பா?

ஆம். இதற்கு ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கிறது. 1992ல் மேற்கு வங்கத்தில் ரயிலில் இருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று சொல்லி அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. தனியார் மருத்துவமனையில் பணம் கட்டித்தான் சிகிச்சை பெற்றார்.

1996ல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை தராமல் போனது அரசியலமைப்பின் 21வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. நிதி இல்லை என்று காரணம் சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் சொன்னது. அந்தத் தொழிலாளிக்கு ரூ.25,000 இழப்பீடு வழங்க உத்தரவானது.

யாரிடம் கேட்கணும்?

புகார் சரியான மேஜைக்குப் போகாவிட்டால் நாள்தான் வீணாகும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் மூன்று இயக்ககங்களின் கீழ் பிரிந்து கிடக்கின்றன.

• மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (தஞ்சாவூர், திருவாரூர், நாகை போன்றவை): டீன். மேல்நிலையில் மருத்துவக் கல்வி இயக்ககம்.

• மாவட்டத் தலைமை மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை (கும்பகோணம், மயிலாடுதுறை போன்றவை): இணை இயக்குநர், நலப்பணிகள். மேல்நிலையில் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம்.

• ஆரம்ப சுகாதார நிலையம்: மாவட்ட சுகாதார அலுவலர். மேல்நிலையில் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்ககம்.

• மருத்துவ ஆலோசனைக்கும் புகாருக்கும் 104, முதல்வரின் உதவி மையத்துக்கு 1100, ஆம்புலன்சுக்கு 108.

தகவல் உரிமைச் சட்டம் எப்படி உதவும்?

வாய்மொழியாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்று பதில் வரும். எழுத்தில் கேட்டால் அவர்களும் எழுத்தில் சொல்லியாக வேண்டும். 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கட்டணம் ரூ.10. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது.

30 நாளுக்குள் பதில் வர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்த தகவல் என்றால் 48 மணி நேரம். பதில் வராவிட்டால் அல்லது திருப்தி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.

'ஏன் சரியா நடக்கல?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஆவணத்தில் இருப்பதைக் கேட்கணும். உதாரணத்துக்கு:

• இந்த மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட டாக்டர், நர்ஸ் பணியிடங்கள் எத்தனை? இன்று காலியாக இருப்பவை எத்தனை?

• ஸ்கேன் கருவி கடந்த ஓராண்டில் எத்தனை நாள் பழுதாகி இருந்தது?

• இந்த ஆண்டுக்கான கல்வி உதவித்தொகை எந்தத் தேதியில் ஒதுக்கப்பட்டது, எந்தத் தேதியில் வழங்கப்பட்டது?

இப்படிக் கேட்டால் எண்ணும் தேதியும் கையில் கிடைக்கும். கிராம சபையிலோ, மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலோ, நீதிமன்றத்திலோ அதை வைத்துத்தான் பேச முடியும். சிதம்பரத்தில் துறை மாற்ற அறிவிப்பு வந்த பிறகும் மாணவர்கள் கட்டண உத்தரவு எழுத்தில் வரும் வரை காத்திருந்ததற்குக் காரணமும் அதுதான்.