உயிரியல் ஒலிம்பியாட்: மனித உடலைத் தமிழில் படித்துத் தயாராவது எப்படி?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தமிழ்மொழிமூல மாணவர்களிடம் உயிரியல் ஒலிம்பியாட் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அது இங்கிலீஷில படிக்கிற ஆக்களுக்கு." வன்னியில் நான் பேசிய மாணவர்களும் இதைத்தான் சொன்னார்கள், மலையகத்தில் பேசியவர்களும் இதைத்தான் சொன்னார்கள். பாடத்தில் கெட்டிக்காரர்களாக இருக்கும் பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிடுகிறார்கள்.

உயிரியல் என் துறை அல்ல. ஆகவே சர்வதேசப் போட்டியின் பாடத்திட்டத்தையும் வெளியிடப்பட்ட பழைய வினாத்தாள்கள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு, அனுபவமுள்ள உயிரியல் ஆசிரியர் ஒருவருடன் உட்கார்ந்து வினா வினாவாகப் பார்த்தேன். மாணவர்கள் அதிகம் அஞ்சும் பகுதியான மனித உடலமைப்பையும் உடற்றொழிலையும் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

போட்டி எப்படிப்பட்டது?

சர்வதேச உயிரியல் ஒலிம்பியாட் 1990இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் ஒலோமொட்ஸ் நகரில் 6 நாடுகளுடன் தொடங்கியது. பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்காத மாணவர்கள், நாட்டுக்கு 4 பேர் என்ற கணக்கில் பங்குபற்றுவர். இலங்கையில் தெரிவுப் போட்டியை இலங்கை உயிரியல் நிறுவகம் நடத்துகிறது. சர்வதேசப் போட்டியில் எழுத்துப் பரீட்சையும் ஆய்வுகூடப் பரீட்சையும் உண்டு. வினாத்தாள்களை அந்தந்த நாட்டின் நடுவர்கள் தமது மாணவர்களின் மொழிக்குப் பெயர்த்துக் கொடுக்கலாம். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் நிபந்தனை அல்ல.

எழுத்துப் பரீட்சையின் பாடத்திட்டத்தில் விலங்குகளின் உடலமைப்புக்கும் உடற்றொழிலுக்கும் சுமார் 25 சதவீதம் ஒதுக்கப்பட்டுள்ளது. அதிலும் முள்ளந்தண்டுளிகளுக்கு, குறிப்பாக மனிதனுக்கு, முதன்மை தரப்படுகிறது. வேறெந்தத் தனிப்பகுதிக்கும் இவ்வளவு இடமில்லை. இதைக் கைவிடும் மாணவர் நான்கில் ஒரு பங்கைக் கைவிடுகிறார்.

கேட்பது பெயரை அல்ல

206 என்புகளின் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஆனால் வினாத்தாள்கள் கேட்பது வேறு. ஒரு வரைபோ பரிசோதனை முடிவோ தரப்படும். அதன் கீழே 4 கூற்றுகள் இருக்கும். ஒவ்வொன்றும் சரியா பிழையா என்று தீர்மானிக்க வேண்டும்.

அதே பாணியில் ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் கடும் வெயிலில் மூன்று மணித்தியாலம் வயலில் வேலை செய்கிறார். நன்றாக வியர்க்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை. கூற்றுகள்: (1) குருதியின் செறிவு கூடும். (2) ஏ.டீ.எச். எனும் ஓமோனின் சுரப்புக் குறையும். (3) சிறுநீரகத்தின் சேகரிக்கும் கான்கள் நீரைக் கூடுதலாக உட்புக விடும். (4) சிறுநீரின் கனவளவு கூடும்.

வியர்வை குருதித் திரவவிழையத்தை விட ஐதானது. எனவே உப்பை விட நீரே விகிதத்தில் அதிகம் இழக்கப்படுகிறது, குருதி செறிவடைகிறது. பரிவகக்கீழ் அதை உணர்கிறது. கபச்சுரப்பியின் பிற்பகுதியிலிருந்து ஏ.டீ.எச். கூடுதலாக வெளிவருகிறது. கான்களின் வழியே நீர் மீள உறிஞ்சப்பட்டு, சிறுநீர் குறைந்து செறிவடைகிறது. ஆகவே 1, 3 சரி. 2, 4 பிழை. இந்தச் சங்கிலி தெரிந்தவருக்கு நான்கு விடையும் ஒன்றாக வரும். ஓமோனின் பெயரை மட்டும் பாடமாக்கியவர் ஊகிக்க வேண்டியதுதான்.

தொகுதிகளைத் தொடுத்துப் படியுங்கள்

பாடசாலையில் குருதிச் சுற்றோட்டம் ஓர் அலகு, கழிவகற்றல் இன்னோர் அலகு. ஒலிம்பியாட் வினாக்கள் அவற்றைச் சேர்த்துக் கேட்கின்றன. இதற்குச் சில எண்களைக் கையில் வைத்திருந்தால் போதும்.

ஓய்விலுள்ள வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலீற்றர் குருதியை வெளித்தள்ளுகிறது. பெருக்கினால் நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவில் வரும். அதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அங்கே நிமிடத்துக்கு 125 மில்லிலீற்றர் வடிக்கப்படுகிறது. நாளொன்றுக்கு 180 லீற்றர். ஆனால் வெளியேறும் சிறுநீர் ஒன்றரை லீற்றர் அளவுதான். மீதி 99 சதவீதம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. இந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், குருதியமுக்கம் விழும்போது சிறுநீர் ஏன் குறைகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு தமிழ், ஓர் ஆங்கிலம்

மொழிச்சிக்கல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒலிம்பியாட் மாணவர்கள் பரவலாகப் படிக்கும் கெம்பெல் உயிரியல் நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தவிர்க்க யூடியூப்புக்குப் போனால், கிடைக்கும் தமிழ்க் காணொளிகளில் பல தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே கலம் 'செல்' ஆகிவிடும், இழையம் 'திசு', சதையி 'கணையம்', நாடி 'தமனி', நாளம் 'சிரை'.

இன்னும் குழப்பமானது, ஒரே சொல் வேறு பொருளில் வருவது. தமிழ்நாட்டில் 'நாளமில்லாச் சுரப்பி' என்றால் கானில்லாத சுரப்பி. நமது பாடநூலில் நாளம் என்பது இதயத்துக்குக் குருதியைக் கொண்டுவரும் கலன். நமது மாணவர் அந்தச் சொல்லைக் கேட்டதும் குருதிக்கலனையே நினைப்பார். ஆனால் அச்சுரப்பிகள் ஓமோனைச் சேர்ப்பதே குருதியில்தான்.

ஆசிரியர் சொன்ன வழி எளிமையானது. ஒரு கொப்பியில் நான்கு நிரல்கள் போடுங்கள்: இலங்கைத் தமிழ்ச் சொல், தமிழ்நாட்டுச் சொல், ஆங்கிலச் சொல், அந்தப் பகுதி செய்யும் வேலை ஒரே வரியில். நாளுக்குப் பத்துச் சொற்கள் என்றால் மூன்று மாதத்தில் 900 சொற்கள் சேர்ந்துவிடும். பின்னர் ஆங்கில நூல் அவ்வளவு அந்நியமாக இருக்காது.

இந்தப் பாடத்துக்குத் தமிழ் புதிதும் அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடலமைப்பு நூல் 1872இல் வெளிவந்தது. தமிழில் படித்து மருத்துவர்களானவர்கள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள்.

இறைச்சிக்கடையில் ஓர் ஆய்வுகூடம்

வசதியான ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைகளிலும் செய்யக்கூடிய பயிற்சி இது. ஓர் ஆட்டிதயத்தைப் பெருநாடியின் அடிப்பகுதியோடு சேர்த்து வெட்டித் தரும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். கழுவிய பின் பெருநாடிக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். அரைமதி வால்வுகள் மூடி நீரைத் தாங்குவதைக் காணலாம். பிறகு நீளவாக்கில் வெட்டி இரு இதயவறைகளின் சுவர்களையும் ஒப்பிடுங்கள். இடது சுவர் மிகத் தடித்தது. அது உடல் முழுவதற்கும் தள்ள வேண்டும். வலது, பக்கத்திலுள்ள நுரையீரல்களுக்கு மட்டும். மனிதனில் இடப்பக்க உச்ச அமுக்கம் சுமார் 120 மில்லிமீற்றர் இரசம், வலப்பக்கம் சுமார் 25.

குண்டிக்காயையும் அப்படியே வெட்டிப் பார்க்கலாம். வெளியே மேற்பட்டை, உள்ளே மையவிழையம் தெளிவாகத் தெரியும். மனித சிறுநீரகத்தில் கூம்பகங்கள் பலவாகப் பிரிந்திருக்கும். ஆட்டில் அவை ஒன்றாகச் சேர்ந்திருக்கும். படத்தோடு ஒப்பிட்டு இந்த வேறுபாட்டை மாணவரே கண்டுபிடிக்க விடுங்கள். கையுறை அணிவதும், கூரிய கத்தியைப் பெரியவர் ஒருவர் கையாள்வதும் அவசியம்.

எங்கே தொடங்குவது?

முதலில் உயர்தரப் பாடத்திட்டத்தின் மனித உடல் அலகுகளை முழுமையாக முடியுங்கள். அடுத்து சர்வதேசப் போட்டியின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய வினாத்தாள்களிலிருந்து வாரம் ஐந்து வினாக்களை எடுத்து, நண்பர்கள் மூவர் சேர்ந்து செய்யுங்கள். ஒவ்வொரு கூற்றும் ஏன் சரி, ஏன் பிழை என்று தமிழில் ஒரு வசனம் எழுத வேண்டும். அந்த வசனத்தை எழுத முடியாத இடமே மறுபடி படிக்க வேண்டிய இடம்.

பதக்கம் எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் இந்தப் படிப்பு உயர்தரப் பரீட்சைக்கும் அப்படியே உதவும். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த விண்ணப்பம் கோரப்படும்போது அறிவித்தலை அதிபரின் மேசையோடு நிறுத்திவிடாமல், வகுப்பறைக் கதவிலும் ஒட்டிவிடுங்கள்.