கறுப்பின பேஸ்பால் வீரர்களின் கடிதங்களும் கையொப்பங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

அமெரிக்க பேஸ்பாலில் நிறப்பாகுபாடு கோலோச்சிய காலத்தில் கறுப்பின அணிகள் ஆடிய ஆட்டங்கள் பலவற்றுக்கு முழுமையான புள்ளிவிவரம் எஞ்சவில்லை. அதனால் வீரர்கள் எழுதிய கடிதங்களும் இட்ட கையொப்பங்களும் முதன்மைச் சான்றுகளாகின்றன. சந்தை கையொப்பத்துக்கே விலை வைக்கிறது. வரலாற்றுக்கோ கடிதமே பெருஞ்செல்வம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எதிர்ப்பின் எழுத்து

1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக் உரிமையாளர்கள், கறுப்பின வீரர்களோடு இனிப் புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என முடிவெடுத்தனர். அடுத்த ஆண்டு டிரை-ஸ்டேட் லீக், அவர்களைச் சேர்க்க இடமளித்த விதியை நீக்கிவிட்டதாக அறிந்த வெல்டி வாக்கர், அதன் தலைவருக்குக் கடிதம் எழுதினார். 1884-இல் தம் அண்ணன் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கரோடு டொலீடோ அணியில் ஆடியவர் அவர். ஒருவரை விலக்குவதானால் அவரது தகுதியையும் நடத்தையையும் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள் என்று வாதிட்டார். 1888 மார்ச்சில் 'ஸ்போர்ட்டிங் லைஃப்' இதழ் அதை வெளியிட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை.

தொழிலின் எழுத்து

1920 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியில் கறுப்பின அணி உரிமையாளர் ரூப் ஃபாஸ்டரின் முன்முயற்சியால் நீக்ரோ நேஷனல் லீக் உருவானது. தனி லீக் அமைந்தபின் கடிதங்களின் பொருளும் மாறியது. நியூவார்க் ஈகிள்ஸ் அணியின் ஆவணங்கள் இன்று நியூவார்க் பொது நூலகத்தில் உள்ளன. அணியைக் கணவரோடு நடத்திய எஃபா மேன்லியின் கடிதப் போக்குவரத்து, ஊதியம், ஒப்பந்தம், மெக்சிகோவுக்கு ஆடச் சென்ற வீரர்கள் என அன்றாடச் சிக்கல்களைக் காட்டுகிறது. ஆட்டக்காரரைத் தொழிலாளியாகவும் காண இத்தகைய தாள்கள் உதவுகின்றன.

1945 அக்டோபர் 23 அன்று கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மான்ட்ரியல் அணியில் ஒப்பந்தமானார். அம்மாத இறுதியிலேயே, தமக்காகத் தொடர்ந்து வாதாடிய 'பிட்ஸ்பர்க் கூரியர்' செய்தியாளர் வெண்டல் ஸ்மித்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார். நிறத்தடையைத் தகர்த்ததில் கறுப்பினப் பத்திரிகைகளுக்கு இருந்த பங்குக்கு அது நேரடிச் சான்று.

நினைவின் எழுத்து

1970-இல் ராபர்ட் பீட்டர்சன் எழுதிய கறுப்பின பேஸ்பால் வரலாற்று நூலான 'ஒன்லி தி பால் வாஸ் ஒயிட்' வெளிவந்தது. 1971-இல் நீக்ரோ லீக் வீரர் சாச்சல் பேஜ் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். மறக்கப்பட்ட முதிய வீரர்களை ஆய்வாளர்களும் ரசிகர்களும் தேடிவரத் தொடங்கினர். அவர்களில் ஒருவரான பக் லெனர்டின் வாழ்க்கை இங்கே சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அவரது ஊரான ராக்கி மவுண்டில் கறுப்பினச் சிறுவர்களுக்கு உயர்நிலைப் பள்ளி இல்லாததால் படிப்பை நிறுத்தியவர், ஐம்பது வயதைக் கடந்தபின் அஞ்சல்வழிக் கல்வியில் அப்படிப்பை முடித்தார். 1986-இல் பக்கவாதம் வலப்பக்கத்தைத் தாக்கியது. பின்னர் இடக்கையால் கையொப்பமிட்டார். அவரது கையெழுத்தின் மாற்றமே வாழ்க்கைக் குறிப்பாகிவிடுகிறது.

நீண்ட ஆயுள் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 1930-இல் ஃபாஸ்டர் இறந்தார். நீக்ரோ லீக் வீரர் ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் மறைந்தார்; ராபின்சன் நிறத்தடையைத் தகர்த்துப் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கியது அதே ஆண்டு ஏப்ரலில்தான். ஃபாஸ்டர், கிப்சன் இருவரின் கையொப்பங்களும் மிக அரியவை. அருமை விலையைக் கூட்டுகிறது. விலை போலிகளையும் வரவழைக்கிறது. யார், எப்போது, யாருக்கு எழுதினார் என்ற தொடர்ச்சி அறுந்த தனிக் கையொப்பம் ஆய்வாளருக்கு ஒரு பெயரை மட்டுமே தருகிறது. தேதியும் முகவரியும் செய்தியும் கொண்ட கடிதம், எழுதியவரின் காலத்தையே திறந்துகாட்டுகிறது.

முடிவுரை

1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளைப் பெரிய லீக்குகளாக 2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் ஏற்றது. 2024 மே மாதம் அவற்றின் புள்ளிவிவரங்களும் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. எண்களுக்குக் கிடைத்த இந்த இடம் எழுத்துக்கும் கிடைக்க வேண்டும். தனியார் பெட்டகங்களில் உள்ள கடிதங்களின் படிகளையேனும் நூலகங்களிலும், கான்சஸ் சிட்டியிலுள்ள நீக்ரோ லீக்ஸ் பேஸ்பால் அருங்காட்சியகத்திலும் பொதுப் பார்வைக்கு வைக்கச் சேகரிப்பாளர்கள் முன்வர வேண்டும்.