யேனாவின் லென்ஸ்கள்: யுத்தம் பிரித்த ஒரு தொழிற்சாலையின் சுவடுகள்

பழைய கமரா லென்ஸ்களைச் சேகரிப்பவர்கள் அதிகம் தேடுபவற்றில் சில, கடைகளுக்கே வராதவை. பரிசோதனைக்காக ஒன்றிரண்டு மட்டும் செய்யப்பட்டு, தொழிற்சாலையின் அலுமாரியிலேயே வைக்கப்பட்டவை. ஜேர்மனியின் யேனா நகரிலிருந்த கார்ல் சைஸ் தொழிற்சாலையின் பரிசோதனை லென்ஸ்கள் அவற்றில் முக்கியமானவை. அவை எப்படி வெளியே வந்தன என்பது இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவோடு சேர்ந்த கதை.

யுத்தத்துக்கு முன்னர்

கார்ல் சைஸ் 1846இல் யேனாவில் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கப்பட்டது. பௌதிகவியலாளர் ஏர்ன்ஸ்ட் அபேயும் கண்ணாடி நிபுணர் ஒட்டோ ஷொட்டும் இணைந்த பின்னர் அது உலகின் முன்னணி ஒளியியல் நிறுவனமாக வளர்ந்தது. 1902இல் டெசார், பின்னர் சொனார், பயோட்டார் என அங்கு உருவான லென்ஸ்களின் அமைப்பைப் பின்னர் பல நாடுகள் பின்பற்றின. 1936 பேர்லின் ஒலிம்பிக்கிற்காக 180 மில்லிமீற்றர் சொனார் ஒன்றும் தயாரானது. லென்சின் மேற்பரப்பில் மெல்லிய பூச்சைப் பூசி ஒளித் தெறிப்பைக் குறைக்கும் முறைக்கு 1935இல் காப்புரிமை பெற்றவரும் சைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலாதான்.

இவை எல்லாம் கையால் குவியம் பிடிக்கும் லென்ஸ்கள். உள்ளே மின்சுற்று எதுவும் இல்லை. கண்ணாடியும் உலோகமும் நன்றாக இருந்தால் 80 வருடங்களுக்குப் பிறகும் வேலை செய்யும். பொருத்தமான வளையம் ஒன்றின் உதவியோடு இன்றைய டிஜிட்டல் கமராக்களிலும் பலவற்றைப் பூட்டலாம்.

1945: இரண்டு தடவை காலியான ஊர்

1945 ஏப்ரல் 13ஆம் திகதி அமெரிக்கப் படைகள் யேனாவைக் கைப்பற்றின. ஆனால் நேச நாடுகள் ஏற்கெனவே செய்திருந்த உடன்பாட்டின்படி அந்தப் பகுதி சோவியத் படைகளிடம் போக வேண்டியிருந்தது. யூலை தொடக்கத்தில் கைமாற்றம் நடப்பதற்கு முன்னர், சைஸின் நிர்வாகிகளையும் விஞ்ஞானிகளையும் அமெரிக்கர்கள் குடும்பங்களோடு மேற்குப் பகுதிக்குக் கொண்டு சென்றனர். ஓபர்கொஹன் என்ற சிறிய ஊரில் அவர்கள் புதிய தொழிற்சாலையைத் தொடங்கினார்கள்.

சோவியத் தரப்பு பின்னர் எஞ்சிய இயந்திரங்களில் பெரும்பகுதியைக் கழற்றித் தனது நாட்டுக்கு அனுப்பியது. 1946 ஒக்டோபரில் ஒரே இரவில் பல நிபுணர்களும் குடும்பங்களோடு ரயிலேற்றப்பட்டனர். கொன்டாக்ஸ் கமராவின் உற்பத்தி கீவ் நகருக்குப் போனது. அங்கு ஏறத்தாழ அதே கமரா 'கீவ்' என்ற பெயரில் வெளிவந்தது. சொனார் லென்ஸ் சோவியத் நாட்டில் 'யூப்பிட்டர்' ஆனது. 58 மில்லிமீற்றர் பயோட்டாரின் அமைப்பிலிருந்து 'ஹீலியோஸ் 44' பிறந்தது. தொடக்ககால யூப்பிட்டர் லென்ஸ்கள் சிலவற்றின் உள்ளே இருந்ததே ஜேர்மனியிலிருந்து கொண்டு போன கண்ணாடிதான்.

எடுத்துச் செல்லப்பட்ட அலுமாரி

யேனாவில் ஒரு மாதிரிச் சேகரிப்பு இருந்தது. சைஸ் செய்த லென்ஸ்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாங்கிய பிற நிறுவனங்களின் லென்ஸ்கள், விற்பனைக்கு விடப்படாத பரிசோதனை லென்ஸ்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒரு தொழிற்சாலை தான் எதை முயன்றது, எதைக் கைவிட்டது என்பதற்கு வைத்திருந்த சாட்சி அது. அமெரிக்க இராணுவம் இந்தச் சேகரிப்பையும் எடுத்துச் சென்றது. பின்னாட்களில் அந்த லென்ஸ்கள் பிரிந்து தனியார் கைகளுக்குப் போயின. இன்று ஏலங்களில் தோன்றும் 'வெளியிடப்படாத சைஸ்' லென்ஸ்கள் சிலவற்றின் பூர்வீகம் இதுதான்.

அந்தச் சேகரிப்பை அட்டவணைப்படுத்தியவர் வில்லி மெர்ட்டே. பயோட்டாரை வடிவமைத்தவரும் அவர்தான். யுத்தத்தின் பின் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், தன் ஊரிலிருந்து தன்னைப் போலவே கொண்டுவரப்பட்ட லென்ஸ்களைப் பற்றி அங்கிருந்தே எழுதினார். சேகரிப்பு சிதறிவிட்டது. பட்டியல் மிஞ்சியது. எந்த லென்ஸ் உண்மையில் இருந்தது என்பதை ஆய்வாளர்கள் உறுதிப்படுத்த அந்தப் பட்டியல் உதவுகிறது.

வளையத்தை வாசிப்பது எப்படி?

லென்சின் முன்வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர், அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடும்.

'கார்ல் சைஸ் யேனா': யுத்தத்துக்கு முந்தியது, அல்லது பிந்திய கிழக்கு ஜேர்மன் தயாரிப்பு. சிவப்பு 'டி' எழுத்து இருந்தால் பூச்சுப் பூசப்பட்டது.

'சைஸ் ஒப்டன்': மேற்கு ஜேர்மனியில் தொடங்கிய புதிய நிறுவனத்தின் ஆரம்பகாலத் தயாரிப்பு.

'யேனாவிலிருந்து' என்ற பொருள்படும் ஜேர்மன் சொற்கள் மட்டும்: பெயருக்கான வழக்குகளால், கிழக்கு ஜேர்மனி மேற்கு நாடுகளுக்கு அனுப்பிய லென்ஸ்களில் சைஸ் என்ற பெயரைத் தவிர்த்தது. சொனார், டெசார், பயோட்டார் என்ற பெயர்களும் முதலெழுத்துகளாகச் சுருங்கின. 1971இல் இலண்டனில் இரு நிறுவனங்களும் பெயரைப் பயன்படுத்துவது பற்றி உடன்பாடு செய்தன. ஜேர்மனி மீண்டும் ஒன்றான பின்னரே அவை இணைந்தன.

'வி' எழுத்து: 'பரிசோதனை' என்பதற்கான ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து. இலக்கத்துக்கு முன்னால் இது இருந்தால் விற்பனைக்கு வராத மாதிரியாக இருக்கலாம்.

ஆனால் எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. யூப்பிட்டர் லென்ஸ்களின் பெயரை அழித்துச் சைஸ் என்று பொறித்த போலிகள் சந்தையில் ஏராளம். தொடரிலக்கம், உலோக வேலைப்பாடு, உள்ளிருக்கும் கண்ணாடிகளின் அமைப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றுக்கும் மேலாக அது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற விபரம் தேவை.

வீட்டிலோ மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றிலோ பழைய லென்ஸ் இருந்தால் அதன் முன்வளையத்தைப் படமெடுத்து வையுங்கள். தொடரிலக்கத்தையும், யார் எங்கே வாங்கினார், எந்தக் கமராவில் பாவித்தார் என்பதையும் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். லென்ஸ் கை மாறினாலும் அந்தக் குறிப்பு உங்களிடம் இருக்கும்.