லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (1822–1902) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1856இல் சென்னை அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றி, 1858இல் சென்னை வந்து சேர்ந்தார். மலைக்கோட்டை, யானைமலை, வைகைத் தரைப்பாலம், வண்டியூர்த் தெப்பக்குளம் ஆகியவற்றின் அவர் படங்கள் தமிழக நிலக்காட்சிப் படங்களில் மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை. இவற்றின் சிறப்பு அவருடைய பெரிய கேமராவின் பளுவோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது. நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடுவது அன்று நடைமுறையில் இல்லை. தாளோடு தாள் ஒட்டவைத்து வெயிலில் அச்சிடுவார்கள். ஓரடிக்கும் மேல் அகலமான படம் வேண்டுமென்றால் அதே அளவு நெகட்டிவும், அதைத் தாங்கும் பெட்டியும் வேண்டும். கண்ணாடி நெகட்டிவை ஈரம் காயுமுன் கழுவியாக வேண்டும். நம் வெயிலில் அது பெரும்பாடு. அதனால், முன்பே பதப்படுத்திக் காயவைத்து எடுத்துச் செல்லக்கூடிய மெழுகுத்தாள் நெகட்டிவையே டிரைப் பெரிதும் நம்பினார். அப்படியும் அந்தப் பெரிய கேமரா, நினைத்த இடத்தில் சட்டென நிறுத்தி எடுக்க முடியாத கருவி. எங்கே நிற்பது, எந்த வெளிச்சத்தில் எடுப்பது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு அவர் ஒட்டியது அந்தத் திட்டமிடலின் உச்சம்.

இப்படங்களில் ஊர் இருக்கிறது, மக்கள் இல்லை என்பது நியாயமான குறை. நீண்ட நேரம் ஒளி வாங்கிய தாளில் நடமாடுபவர்கள் பதியவில்லை என்பது பாதிக் காரணம்தான். கட்டடங்களை ஆவணமாக்கவே அரசு அவரை அனுப்பியது என்பது மறுபாதி. வெறிச்சோடிய வானத்தில் மேகங்களை நெகட்டிவின்மீது அவரே தீட்டினார் என்பதும் உண்மை. ஆகவே அவர் வானத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது. கல்லையும் சுவரையும் கொள்ளலாம். திருமலை நாயக்கர் அரண்மனை பின்னாளில் ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. அதற்கு முன் அது எவ்வளவு சிதைந்திருந்தது என்பதை இவர் படங்களில் நுணுக்கமாகப் பார்க்கலாம். சிறிய படத்தில் அந்த நுணுக்கம் தங்கியிருக்காது. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இந்த வேலையை ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்திவிட்டார். செலவு அதிகம் என்பது சரி, ஆடம்பரம் என்பது தவறு. எழும்பூர் அருங்காட்சியகத்திலிருந்து லண்டனுக்கு 1859இல் கப்பலேறிய அமராவதிச் சிற்பங்களை, அதற்கு முந்தைய ஆண்டே சென்னையில் வைத்துப் படமெடுத்திருந்தவர் டிரைப்.