கேட்ட நாளும் கணித்த நாளும்

காலத்தைப் பற்றிய வினாவுக்கு விடை காணுமுன், வினவிய நாளை எண்ணாக மாற்றல் வேண்டும். மாதமும் திகதியும் நேரே கூட்டவும் கழிக்கவும் இயலாதன. மாதங்கள் ஒரே அளவின அல்ல. இவ்வுண்மையைத் தமிழ்நாட்டினும் யாழ்ப்பாணத்தினும் பஞ்சாங்கம் கணித்தோர் நன்கறிந்திருந்தனர்.

வாக்கிய முறையிற் சந்திரனின் நிலையை அறிய விரும்புவோர், முதலிற் குறித்த நாள்வரை கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை எண்ணுவர். இதற்கு அகர்க்கணம் என்று பெயர். அத்தொகையில் 1600984ஐக் கழித்து, மிகுதியை 12372ஆலும், அதன் மிகுதியை 3031ஆலும், அதன் மிகுதியை 248ஆலும் வகுப்பர். இறுதியில் எஞ்சும் எண்ணே 248 சந்திர வாக்கியங்களுள் எதனை நோக்க வேண்டுமென்பதைக் காட்டும். ஈவுகளுக்குரிய துருவங்களை அவ்வாக்கியத்தோடு கூட்டினால் விடை கிட்டும். சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுற்று ஏறத்தாழ 27½ நாள். அத்தகைய ஒன்பது சுற்றுகள் சேர்ந்தவையே 248 நாள்கள்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கணிதம் அனைத்தும் கேட்ட நாளின்மேலேயே நிகழ்கிறது; வாக்கியங்கள் மனனஞ் செய்தபடியே அசையாது நிற்கின்றன. ஜோன் வாறன் 1825இற் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலித’த்தில், சோழிகளை நிலத்திற் பரப்பி, ஓரெண்ணும் எழுதாமற் கிரகணம் கணித்த புதுச்சேரித் தமிழர் ஒருவரைக் குறிப்பிடுகிறார். அவ்விரைவுக்குக் காரணம் இவ்வமைப்பே.

இன்று கணினியின் தரவுத்தளத்திலும் நிகழ்வது இதுவே. “எந்நாள்வரை?” என்று கணினி கேட்கப் பயனர் ஒரு திகதியை இடுகிறார். அந்நாளுக்கு முந்திய 30 நாட் பதிவுகள் வேண்டுமாயின், இட்ட திகதியிலிருந்து 30ஐ ஒருமுறை கழித்து, அவ்வெல்லைக்குட்பட்டவற்றைத் தெரிந்தெடுத்தலே முறை. அதனை விடுத்து, சேமித்த ஒவ்வொரு பதிவின் திகதியோடும் 30ஐக் கூட்டி ஒப்பிடின், திகதி வரிசையில் ஆயத்தமாயுள்ள சுட்டி பயன்படாதொழியும். இலட்சம் பதிவுக்கு இலட்சம் கணக்கு நேரும். இரு முறையிலும் விடை ஒன்றே, உழைப்பே வேறு.

எனினும், முறை செவ்வையாயிருத்தல் மட்டும் போதாது. 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணத்தைக் குறித்து, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பும், வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபர் டானியல் பூவரின் கணிப்பும் வேறுபட்டன. கிரகணம் நிகழ்ந்தபோது வானம் பூவரின் கணிப்புக்கே சான்று பகர்ந்தது. இது சாஸ்திரியாரின் திறமைக் குறைவன்று. பல நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாத அடிப்படை எண்களிலிருந்து திறமையாளரும் அவ்வெண்கள் தரும் விடையையே பெறுவர். காட்சிக்கேற்ப எண்களைத் திருத்தும் திருக்கணித முறை பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாக்கியத்தோடு அருகருகே நிலைபெற்றது.

தரவுத்தளத்துக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். இலங்கையின் நியமநேரம் 1996 மே மாதத்தில் ஒரு மணி முன்தள்ளப்பட்டது; அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்வாங்கப்பட்டது; 2006 ஏப்பிரிலிற் பழைய ஐந்தரை மணிக்கே மீண்டது. ஆகவே 2000ஆம் ஆண்டில் நள்ளிரவு கழிந்து 12 மணி 15 நிமிடமெனக் கடிகாரத்தின்படி பதியப்பட்ட நிகழ்ச்சி, பழைய கணக்கில் முந்தின நாளிரவு 11 மணி 45 நிமிடமாகும். எந்நேரக் கணக்கு என்பதைக் குறியாத பதிவேட்டில் நாள் எல்லையிட்டுத் தேடுபவர், பிழையற்ற வினாவைக் கேட்டும் பிழையான பதிவைப் பெறுவர்.

கேட்ட நாளைக் கணிதத்துக்கு உட்படுத்துக, சேமித்த நிரலை அசையாது விடுக என்பது சோழி கொண்டு எண்ணியோர் காட்டிய நெறி. அந்நிரலின் அடிப்படையைக் காட்சியோடு ஒத்துப்பார்த்துத் திருத்துக என்பது வட்டுக்கோட்டை வானங் காட்டிய நெறி. நாள்களைக் கையாளும் எக்கருவிக்கும் இவ்விரண்டும் ஒருங்கே வேண்டுவன.