பதினோரு மாதக் குடித்தனம்

மும்பைக்கு நாங்கள் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான், மனைவி, இரண்டரை வயசுப் பையன். சயான் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு ஒன் பிஎச்கே. வந்த முதல் மாதம் முழுக்க வீடு தேடுவதிலேயே போனது. வாடகை எவ்வளவு என்று பேசுவதற்கு முன்னாடியே புரோக்கர்கள் கேட்ட கேள்வி, "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" மீன் சாப்பிடுவோம் என்று உண்மையைச் சொன்னதில் இரண்டு வீடு கைவிட்டுப் போச்சு.

போன மாதம் அக்ரிமெண்டைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. மனைவி உட்கார்ந்து முதல்முறையாக அதை முழுசாகப் படித்தாள்.

"ஏங்க, இதுல குடியிருக்கிறவங்கன்னே நம்மள எங்கயும் சொல்லலையே. லைசென்சின்னு போட்டிருக்கு. வாடகைன்னும் இல்ல, லைசென்ஸ் ஃபீயாம். சரி, அதென்ன பதினோரு மாசம்? பன்னெண்டு போட்டா என்ன ஆயிடும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. புரோக்கரிடம் கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் சார் போடறாங்க" என்றார். அதற்கப்புறம் மூன்று வாரம் ராத்திரி ராத்திரி படித்துச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. அந்த ஒரு காகிதத்துக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கிறது.

கதை ஒரு கொள்ளை நோயில் ஆரம்பிக்கிறது. 1896-ல் பம்பாய் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் வந்தது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள், லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். 1891 கணக்கெடுப்பில் 8.2 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 1901-ல் 7.8 லட்சத்துக்கு இறங்கியது. வெளிச்சமும் காற்றும் இல்லாத நெருக்கமான வீடுகள்தான் நோய்க்குக் காரணம் என்று அரசாங்கம் முடிவு செய்து, 1898-ல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை ஏற்படுத்தியது. நெரிசலை இடித்து அகலமான ரோடு போடுவது அதன் ஒரு வேலை. வடக்கே வயலும் தோப்புமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் புதுக் குடியிருப்புகளுக்கு மனை பிரிப்பது இன்னொரு வேலை. இன்றைக்கு மாட்டுங்காவில் நடந்தால் தெரியும் நேரான தெருக்கள், இரண்டு பக்கமும் மரங்கள், கிங்ஸ் சர்க்கிள் வட்டம் எல்லாம் அந்தத் திட்டத்தின் மிச்சம்.

மனை பிரித்ததும் ஜனம் வந்துவிடவில்லை. கட்டிடங்கள் நெருக்கமாக எழுந்தது 1920-களிலும் 30-களிலும்தான். அப்போது அங்கே குடிவந்தவர்களில் கணிசமானவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு பக்கத்திலிருந்து இங்கிலீஷும் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறிய இளைஞர்கள். பெரும்பாலும் பிராமணர்கள். கம்பெனிகளிலும் ரயில்வேயிலும் குமாஸ்தா வேலை. முதலில் தனியாளாக வருவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ரூம், சாப்பாட்டுக்கு மெஸ். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் 1942-ல் ஆரம்பித்த ராமா நாயக் உடுப்பி போர்டிங்கில் இன்றைக்கும் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கிறது. அந்தக் காலத்துப் பிரம்மச்சாரிகளின் பசிக்குச் சாட்சி.

சிக்கல் கல்யாணத்துக்கு அப்புறம்தான். மனைவியையும் குழந்தையையும் எங்கே கொண்டுவந்து வைப்பது? பம்பாயில் சாதாரண ஜனங்களுக்கு இருந்தது சால். நீளமான வராந்தா, வரிசையாக ஒற்றை ரூம், மாடிக்குப் பொதுவாகக் குழாயும் கக்கூஸும். மாட்டுங்காவில் எழுந்த கட்டிடங்கள் வேறு மாதிரி. ஒரே கதவுக்குள்ளே இரண்டு ரூம், சமையலறை, குளியலறை, கக்கூஸ். இன்றைக்கு நாம் யோசிக்காமல் 'பிளாட்' என்று சொல்கிறோமே, அதுதான்.

இது சின்ன விஷயம் இல்லை. ஊரில் கக்கூஸ் என்பது கொல்லைக் கோடியில் இருக்கவேண்டிய ஒன்று. அடுப்பங்கரையிலிருந்து பத்தடி தூரத்தில் அதை வைத்துக்கொண்டு ஆசாரத்தோடு வாழமுடியுமா என்பது அன்றைய குடும்பங்களுக்கு நிஜமான கேள்வி. இதைப் பற்றி வரலாற்றாய்வாளர் நிகில் ராவ் 2013-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். தென்னிந்திய நடுத்தரக் குடும்பங்கள் இந்தப் புது மாதிரி வீட்டை ஏற்றுக்கொண்டன. யோசித்தால் காரணம் புரியும். நாற்பது பேரோடு குழாயடியில் நிற்பதைவிட, சொந்தக் கதவுக்குள் இருக்கும் கக்கூஸ் மேல்.

நான் மாட்டுங்காவில் அப்படி ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தேன். நண்பனின் உறவுக்காரர், எண்பது வயசைத் தாண்டிய மாமி. 1962-ல் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவர். "சொந்த வீடான்னு எல்லாரும் கேப்பா. வாடகை வீடுதான்டா. என் மாமனார் எடுத்தது. என் ரெண்டு குழந்தையும் இங்கதான் பொறந்து வளந்தது" என்றார். மாத வாடகை எவ்வளவு என்று கேட்டேன். நான் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போய்வரும் நாலு நாள் செலவு.

இது எப்படிச் சாத்தியம்? முதல் உலகப்போர் சமயத்தில் வாடகை கண்டபடி ஏற, 1918-ல் பம்பாயில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப்போரில் மறுபடியும் அதே கதை. கடைசியில் வந்ததுதான் 1947-ன் பம்பாய் வாடகைச் சட்டம். இதன்படி 1940 செப்டம்பர் 1 அன்று இருந்த வாடகைதான் 'ஸ்டாண்டர்ட்' வாடகை. நினைத்தபடி ஏற்ற முடியாது, நினைத்தபடி காலி செய்யச் சொல்லவும் முடியாது. குடியிருந்தவர் இறந்தால் கூட வசித்த குடும்பத்தாருக்கு அந்த உரிமை போகும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். மாட்டுங்காவில் தென்னிந்தியர்கள் கட்டியெழுப்பியதை எல்லாம் வரிசையாக யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம், கோயில், பஜனை மண்டலி, பூக்கடை, காபிக்கொட்டைக் கடை. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் ஆரம்பித்தது. அதை நடத்தியவர்களில் பலர் வாடகைக் குடித்தனக்காரர்கள்தான். ஆனால், அடுத்த வருஷமும் இதே தெருவில்தான் இருப்போம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. 1947 சட்டம் அந்த நம்பிக்கையை உரிமையாகவே ஆக்கிக் கொடுத்தது. பதினோரு மாதத்துக்கு ஒருதரம் மூட்டை கட்டுகிறவன் பள்ளிக்கூடக் கமிட்டியில் உட்காரமாட்டான்.

அதற்காக அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்த சட்டம், வெளியே நின்றவர்களுக்குக் கதவைச் சாத்தியது. வாடகை ஏறாது என்றால் யார் வாடகைக்கு வீடு கட்டுவார்கள்? இருந்த வீட்டுக்குள் நுழைய, கணக்கில் வராத மொத்தப் பணம் கொடுக்கவேண்டும். அதற்குப் பெயர் 'பகடி'. கையில் பணமில்லாத புதுக் குடும்பத்துக்கு அது எட்டாது. வீட்டுக்காரர்கள் ரிப்பேர் செய்வதை விட்டார்கள். மழைக்காலத்தில் பழைய கட்டிடங்கள் இடிந்து விழ, 1969-ல் அதற்கென்றே தனிச் சட்டமும் ஒரு ரிப்பேர் வாரியமும் தேவைப்பட்டன.

இன்னொரு கதவு ஆரம்பத்திலிருந்தே சாத்தித்தான் இருந்தது. மாட்டுங்காவிலிருந்து ரயில்வே லைனைத் தாண்டினால் தாராவி. அங்கேயும் தமிழ்க் குடும்பங்கள்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்த முஸ்லிம்களும் தலித்துகளும். அதே மொழி, அதே ஊர்ப் பெயர்கள். ஆனால் அவர்களுக்குப் பிளாட்டும் இல்லை, ஸ்டாண்டர்ட் வாடகையும் இல்லை. சதுப்பு நிலத்தைத் தாங்களே மேடாக்கிக் குடிசை போட்டார்கள். யாருக்கு வீடு கொடுப்பது என்பதில் சாதியும் சாப்பாடும் அன்றைக்கும் கேட்கப்பட்டன. புரோக்கர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எவ்வளவு பழசு என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

இப்போது மனைவியின் கேள்விக்கு வருகிறேன்.

குடியிருப்பவரைக் கிளப்ப முடியாது என்றதும் வீட்டுக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 'இவர் குடித்தனக்காரரே இல்லை, என் அனுமதியின் பேரில் தங்கியிருப்பவர்' என்று எழுதிக்கொள்வது. அதுதான் லீவ் அண்ட் லைசென்ஸ். 1882-ன் ஈஸ்மெண்ட் சட்டப்படி லைசென்ஸ் என்பது வெறும் அனுமதி, சொத்தில் எந்த உரிமையும் தராது. இந்தத் தந்திரம் பரவிப்போனதால் 1973-ல் அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியது. அந்த வருஷம் பிப்ரவரி 1 அன்று செல்லுபடியாகும் லைசென்ஸோடு குடியிருந்தவர்கள் எல்லாரும் வாடகைதாரர்கள்தான் என்று அறிவித்தது. அவர்கள் தப்பித்தார்கள். ஆனால் வீட்டுக்காரர்களின் பயம் இரட்டிப்பானது.

1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 1940 வாடகையிலேயே நிறுத்திவைப்பது நியாயமில்லாமல் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னது. புது மகாராஷ்டிர வாடகைச் சட்டம் 2000 மார்ச் 31-ல் அமலுக்கு வந்தது. பழைய வாடகைதாரர்களுக்குப் பாதுகாப்பு தொடர்ந்தது, பகடியும் சட்டபூர்வமானது. ஆனால் எங்களைப் போன்ற லைசென்சிக்குக் காலம் முடிந்த அன்றே வீட்டைவிட வேண்டும். தங்கினால் இரண்டு மடங்கு கட்டணம்.

சரி, ஏன் பதினோரு மாதம்? 1908-ன் பதிவுச் சட்டப்படி, வருஷக் கணக்கில் போடும் குத்தகையும் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையும் பதிவு செய்தாகவேண்டும். பதினோரு மாதம் என்று எழுதினால் அந்தச் செலவும் அலைச்சலும் மிச்சம். நாடு முழுக்க இந்தப் பழக்கம் பரவியது இப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், மகாராஷ்டிரத்தில் இந்தக் காரணமே இப்போது கிடையாது. 2000-லிருந்து லைசென்ஸ் ஒப்பந்தம் எத்தனை மாதமானாலும் எழுதிப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்ய வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. செய்யாவிட்டால் நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும். ஆக, பதினோரு மாதம் போடுவதால் பதிவு ஒன்றும் மிச்சமாவதில்லை. வருஷா வருஷம் புரோக்கருக்குத்தான் கமிஷன் மிச்சம்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். "அப்ப ரெண்டு வருஷம் போடலாமான்னு கேட்டா என்ன தப்பு? இவனுக்கு அடுத்த வருஷம் நர்சரி சேக்கணுமே, நடுவுல வீடு மாத்த முடியுமா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அங்கிளைப் பார்த்து நேரடியாகக் கேட்டோம். ரிட்டயர் ஆனவர். கொஞ்சம் யோசித்தார். இரண்டாம் வருஷம் ஐந்து சதவீதம் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி, 24 மாதத்துக்குச் சம்மதித்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார்.

காகிதத்தில் இப்போதும் நாங்கள் லைசென்சிதான். மாமியின் மாமனாருக்குக் கிடைத்த காலம் எங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. இரண்டு வருஷம் இருக்கிறது. பக்கத்துத் தெரு நர்சரியில் விண்ணப்பம் வாங்கியாச்சு. முகவரி என்ற இடத்தில் இந்த வீட்டையே எழுதியிருக்கிறாள்.