ஒலித்தடைக் கதவுக்கு எஃகு நிலை அமைத்தல்

ஒலித்தடைக் கதவுக்கு எஃகு நிலை அமைத்தலாவது, ஓர் அறையின் சப்தம் அடுத்த அறைக்குச் செல்லாவண்ணம் தடுக்கும் கனத்த கதவைத் தாங்குவதற்கும், அது மூடப்படும்போது நான்கு விளிம்புகளிலும் காற்றுப் புகாமல் பற்றிக்கொள்வதற்கும் ஏற்றவாறு, மடித்த எஃகுத் தகட்டாலான நிலையைச் சுவரினுள் பொருத்தும் கட்டட வேலையாகும். விலை கொடுத்து வாங்கிய கதவே ஒலியைத் தடுத்துவிடும் என்று பலரும் நம்பியிருக்க, உண்மையில் அதன் பயன் பெருமளவு நிலைக்கும் சுவருக்கும் இடையே கொத்தனார் இட்டு நிரப்பும் கலவையைச் சார்ந்திருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை அடுத்து அமைந்துள்ள பொதட்டூர்பேட்டையைப் போன்ற நெசவூர்களில் இவ்வேலைக்கு விசேஷமான அவசியம் உண்டு. இவ்வூர் அடங்கிய திருத்தணிப் பிரதேசம் ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1ஆம் தேதி அந்நாளைய சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இந்த எல்லைப்புறத்தில் தறியே பல குடும்பங்களுக்கு ஜீவனம். கைத்தறி ஓடிய வீடுகளில் விசைத்தறி புகுந்தபோது, முன்பு பேச்சுக்குத் துணையாக ஒலித்த ஓசை, பேச்சையே விழுங்கும் இரைச்சலாயிற்று. விசைத்தறியில் நாடாவை ஒரு கோல் ஓங்கி அடித்துச் செலுத்த, எதிர்முனைப் பெட்டி அதனை மோதித் தடுத்து நிறுத்த, இவ்விதம் நிமிஷத்திற்கு நூறு தடவைக்கு மேலாக மரமும் இரும்பும் அறைபடுகின்றன. இத்தகைய தறிகள் பல ஒருங்கே ஓடும் கூடத்தில் இரைச்சல் 95 டெசிபெல்லையும் தாண்டுவது சாதாரணம். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல் என்று 2000ஆம் ஆண்டின் மத்திய அரசு ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. தறிக்கூடமும் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இரவுமுறை முடிந்து வந்து படுத்தவருக்கும் கூடத்தின் இரைச்சலுக்கும் இவ்வரம்புகளுக்கும் இடைப்பட்ட தூரம் எவ்வளவு பெரியதென்பது நன்கு தெரியும்.

இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் ஏறத்தாழ 50 டெசிபெல் ஒலியைக் குறைக்கவல்லது. ஆகையால் நமது வீடுகளில் சுவர் பெரும்பாலும் குற்றமற்றது. குற்றம் வாசலில் இருக்கிறது. ஒரு மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள கதவின் அடியில் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விடப்பட்டால், அவ்விடைவெளி கதவின் பரப்பில் இருநூற்றில் ஒரு பங்குதான். எனினும் அதன் வழியே நுழையும் ஒலியைக் கணக்கிட்டால், 45 டெசிபெல் தடுக்கும் ஆற்றலுள்ள கதவும் 23 டெசிபெல் தடுக்கும் கதவாகத் தாழ்ந்துவிடும். நிலையின் பின்புறம் பூச்சு சுருங்கிச் சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிளவு கண்டாலும் ஏறத்தாழ அதே நஷ்டம். நீர் கசியும் இடத்தில் ஒலியும் கசியும் என்று பழைய கட்டட மேஸ்திரிகள் சொல்வதுண்டு. அவர்களது கருவிகளைக் கொண்டு அதைவிடச் சரியாகக் கூற இயலாது.

தேக்கும் வேம்பும் நிலைக்கு உகந்தவையாயிருக்க எஃகை நாடுவதற்குக் காரணம் அதன் பலம் மட்டுமன்று. மரம் மழைக்காலத்தில் பருத்துக் கோடையில் சுருங்கி, இரண்டொரு வருஷங்களில் சற்றே முறுக்கிக்கொள்ளும் சுபாவம் உடையது. அம்முறுக்கம் சாதாரணக் கதவைப் பாதிப்பதில்லையெனினும், ரப்பர்ப் பட்டை விளிம்பு முழுவதும் ஒரே சீராக அழுந்தியாக வேண்டிய கதவை அது பயனற்றதாக்கிவிடும். எஃகோ, வெப்பம் முப்பது டிகிரி ஏறினாலும் 2.1 மீட்டர் நீளத்தில் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவே நீளும். சாதாரண எஃகு நிலைகளுக்கு ஐ.எஸ். 4351 என்னும் இந்தியத் தரக்குறிப்பு உண்டு. ஒலித்தடைக் கதவுக்கோ 1.6 மில்லிமீட்டர் அல்லது அதனினும் தடித்த தகடு வேண்டும். ஏனெனில், சதுர மீட்டருக்கு நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள கதவு, மேலே சொன்ன அளவில், ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோ கனக்கும். அவ்வளவையும் மூன்று கீல்களின் வழியே நிலை சுமக்க வேண்டும். கீல் பொருந்தும் இடங்களில் உட்புறமாகத் தடித்த பட்டையைப் பற்றவைப்பது இதன்பொருட்டே.

புதுச்சுவராயின், நிலையை முதலில் நிறுத்தி, அதனைச் சுற்றிச் செங்கல் அடுக்கி எழுப்புவதே உத்தமமான முறை. கட்டி முடிந்த சுவரில் வாசல் பிளந்து பொருத்துவது இரண்டாந்தரமே ஆயினும், நமது ஊர்களில் பெரும்பாலும் நேர்வது அதுதான். நிலையின் அடி, முடிந்த தரைமட்டத்திற்குக் கீழே சிறிது இறங்கி நிற்க வேண்டும். நிறுத்திய நிலையின் இரு கால்களையும் இரு முகங்களில் தூக்குக்குண்டு பிடித்தும், மேற்சட்டத்தை ரசமட்டம் வைத்தும் சரிபார்த்து, மூலைக்கு மூலை அளந்த இரு குறுக்களவுகளும் ஒன்றாயிருக்கின்றனவா என்று காண்பர். இதனோடு நிறுத்திவிடுவது பெரும்பிழை. கால்கள் தனித்தனியே செங்குத்தாயிருந்தும், ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாக நிற்கக்கூடும். அதைக் கண்டறிய, எதிரெதிர் மூலைகளிலிருந்து இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டி, அவை நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த நூல் சோதனையைச் செய்யாத ஒலித்தடை நிலையை நான் நம்புவதில்லை.

பக்கத்திற்கு மூன்றாக ‘ஹோல்டு பாஸ்ட்’ எனப்படும் பிடிகளைச் சுவரில் கான்கிரீட் இட்டுப் பதித்தபின் வருவது, வேலையின் உயிர்நிலையான கலவை நிரப்பல். வெற்று நிலையின் 1.6 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரைக் கிலோவே கனக்கும். அதனுள் ஐம்பது மில்லிமீட்டர் கனத்திற்குச் சிமெண்டுக் கலவை நிரம்பினால் நூறு கிலோ கூடும். ஒலியைத் தடுப்பதில் எடையே முதன்மையாதலால், உள்ளீடற்ற நிலை தட்டினால் முழங்கும் பறைபோல் இரைச்சலைக் கடத்த, நிரம்பிய நிலையோ சுவரோடு சுவராகிவிடுகிறது. ஆனால் தண்ணீர் மிகுந்த கலவையை ஒரே மூச்சில் கொட்டினால் அதன் அழுத்தத்தால் கால்கள் உட்புறம் பிதுங்கும். உள்ளே நின்ற நீர் துருவையும் வளர்க்கும். எனவே கால்களுக்கிடையே, அடியிலும் நடுவிலும், சரியான அளவுக்கு வெட்டிய முட்டுக்கட்டைகளைக் கொடுத்து, கெட்டியான கலவையைச் சிறிது சிறிதாக இட்டுக் குத்தி, கீழ்ப்பகுதி இறுகியபின் மேற்பகுதியை நிரப்புவர். நிலையின் உட்புறத்திற்கு முன்கூட்டியே துருத்தடுப்பு வண்ணம் பூசியிருக்க வேண்டும். கலவை இட்டபின் அந்த இடத்தை எவரும் மீண்டும் காணப்போவதில்லை.

எஃகும் பூச்சும் சந்திக்கும் கோட்டில் காலப்போக்கில் மயிரிழைப் பிளவு தோன்றியே தீரும். ஆதலால் அங்கே சிமெண்டு பூசி மறைக்காமல் சிறு பள்ளம் விட்டு, என்றும் இறுகாத ஒலித்தடைப் பசையை இருபுறமும் நிரப்ப வேண்டும். கதவு படியும் விளிம்பில் இரட்டை வரிசை ரப்பர்ப் பட்டை, அடியில் கதவு மூடும்போது தானே இறங்கித் தரையைத் தொடும் பட்டை ஆகியவை அமையும். எல்லாம் முடிந்தபின் ஒரு பக்கத்தை இருட்டாக்கி மறுபக்கம் விளக்கைப் பிடித்தால் ஒளி தெரியும் இடம் ஒலி நுழையும் இடம். விளிம்பெங்கும் காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்தால் அது எங்கும் ஒரே இறுக்கத்துடன் வர வேண்டும்.

இவ்வளவு சிரத்தையும் வீணாகும் சந்தர்ப்பங்களும் உள்ளன. தறிக்கூடத்திற்கும் வீட்டிற்கும் இடையிலுள்ள சுவர் கூரைத் தகடு வரை எழாமல் பாதியில் நின்றிருந்தால், சப்தம் சுவரின்மேல் ஏறி மறுபுறம் இறங்கும். எந்தக் கதவும் அதைத் தடுக்காது. தறியின் அதிர்வு தரை வழியாகப் பரவுமாயின், தறியின் கால்களுக்குக் கீழே ரப்பர்த் துண்டுகள் வைப்பதே அதற்கு மருந்து. பொருட்செலவு இயலாதவர்கள், வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் கையாளப்படும் வழியைப் பின்பற்றி, சிறு முன்னறை ஒன்றின் இரு முனைகளிலும் இரண்டு சாமான்யக் கதவுகளை இறுக்கமாக அமைத்துக்கொள்வது, ஒற்றை விலையுயர்ந்த கதவினும் பல இடங்களில் பிரயோஜனமாயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். கதவை மூடியதால் கூடத்தில் உஷ்ணம் ஏறாதபடி, காற்று வளைந்து செல்லும் உட்பூச்சுள்ள வழியொன்றும் வேண்டும்.

தறியருகே நிற்பவரின் செவியை இக்கதவு காப்பதில்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் நெசவுப் பெண்கள் ஒருவர் உதட்டசைவை ஒருவர் பார்த்துப் பேசப் பழகியது அவ்விரைச்சலின் விளைவே. எட்டு மணி நேரத்திற்கு 90 டெசிபெல் என்பது நமது தொழிற்சாலை விதிகளின் எல்லை. அதற்கு மேற்பட்ட கூடத்தில் வேலை செய்வோருக்குக் காதடைப்பான் கொடுப்பது, கதவு அமைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய கடமை.

நெசவூரில் பராமரிப்புக்கு ஒரு தனிக்குறிப்பு உண்டு. காற்றில் மிதக்கும் பஞ்சுத்தூசி ரப்பர்ப் பட்டைகளில் படிந்து, எண்ணெய்ப்பசையுடன் சேர்ந்து தடித்துவிடுமாதலால், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கடினமாகிவிட்ட பட்டையை உடனே மாற்ற வேண்டும். கதவு தாழ்ந்து தரையில் உரசத் தொடங்கினால், அடியைச் சீவிக் குறைக்காமல் கீலைத் திருத்தி மேலேற்ற வேண்டும்.